கஸ்பார் உட்கார்ந்த கெபி

கஸ்பார் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்தத் தனியார் பஸ் எந்த நிமிஷம் உள்ளே வரலாம், எந்த நிமிஷம் வெளியே போகலாம் என்பதை அவருடைய விசில்தான் சொல்லும். ஆள் பிடிக்க ஒரு நிமிஷம் முன்னதாக நகர்கிற பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொள்வார். டிரைவர்கள் திட்டுவார்கள். நகரமாட்டார். ஆறடி உயரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தினமும் சவரம். அந்த நாளில் எனக்கு அவரோடு பழக்கமில்லை, பார்த்திருக்கிறேன். திண்டுக்கல்லில் பஸ் ஏறிய எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

தொண்ணூற்றிரண்டில் வேலையை விட்டு, பழனி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் எட்டு செண்ட் வாங்கி இரண்டு அறை வீடு கட்டினார். வீடு உள்ளே தள்ளி இருந்தது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தோட்டம். ஆயக்குடியிலிருந்து கொண்டுவந்து வைத்த இரண்டு கொய்யா, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, கனகாம்பரம். மனைவி அல்போன்சா கான்வென்ட் பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவர். குறைவாகப் பேசுவார். பேசாத நேரத்தில் முடிவு எடுத்துவிடுவார்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் கஸ்பாருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால், முகத்தில் இடது பாதி. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் நான் அங்கே போனேன். மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றபின், வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை.

பக்கவாதத்தில் கால் திரும்பி வருவதற்கு ஒரு காலம் உண்டு. முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் பெரும்பாலும் வருவது. அதற்குள் நடக்கவில்லை என்றால் முழங்கால் விறைத்துப்போகும். பாதம் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஆள் கட்டிலோடு சரி. இதை நான் முதல் நாளே இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். நோயாளிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

பிப்ரவரி முடியும்போது கஸ்பாரால் கைத்தடி ஊன்றி நிற்க முடிந்தது. நான் பிடித்துக்கொண்டால் பத்து எட்டு வைப்பார் என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் வைக்க மாட்டேன் என்றார்.

“எங்க போறதுக்கு நர்சம்மா?”

“கதவு வரைக்கும்.”

“கதவுல என்ன இருக்கு?”

நியாயமான கேள்வி. உடற்பயிற்சிக்காக நடக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மனிதர்கள் ஓர் இடத்துக்குப் போவதற்காகத்தான் நடப்பார்கள். ஆகவே அல்போன்சாவிடம், தோட்டத்தில் அவர் போய் உட்காருவதற்கு ஏதாவது ஒன்று கட்ட வேண்டும் என்று சொன்னேன். கட்டிலிலிருந்து முன்பக்கக் கொய்யா வரைக்கும் அவருடைய எட்டுக்கு நாற்பத்திரண்டு எட்டு. அதற்குக் குறைந்தால் காலுக்கு வேலை இல்லை. அதற்கு மேல் போனால் திரும்பி வர மூச்சு இருக்காது. இடம் முடிவாயிற்று. எதைக் கட்டுவது என்பதில்தான் மார்ச் மாதம் முழுவதும் போயிற்று.

நான் முதலில் சொன்னது கீற்றுக் கொட்டகை. திண்டுக்கல் வெயிலுக்குத் தென்னங்கீற்றைப் போலக் குளிர்ச்சி வேறு எதிலும் கிடையாது. வருஷா வருஷம் மாற்ற வேண்டும், கோடையில் தேள் வரும், மழையில் பூரான் வரும், ரோட்டோரமாகையால் எவனாவது பீடித்துண்டை எறிவான். அதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கஸ்பார் வேறு காரணம் சொன்னார்.

“வாசல்ல கீத்துக் கொட்டகை போட்டா எழவு வீடுன்னு நெனச்சுருவாக. போற வார ஆளுக எறங்கி வந்து உக்காந்து, எப்ப எடுக்குறாகன்னு என்னையவே கேப்பாக.”

கீற்றை விட்டோம்.

ஆஸ்பெஸ்டாஸ் போடலாம் என்றார் அல்போன்சா. சித்திரையில் அதற்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று நானே வேண்டாம் என்றேன். வெள்ளோட்டில் அல்போன்சாவின் அண்ணன் திராட்சைத் தோட்டத்தை அழித்திருந்தார். பிடுங்கிய கல்கால்கள் சும்மா கிடந்தன. அவற்றை நட்டுக் கம்பி இழுத்துக் கொடிப்பந்தல் போடலாம் என்று பார்த்தோம். திராட்சைக் கொடி நிழல் தர இரண்டு வருஷம் ஆகும்.

“ரெண்டு வருஷம் கம்பிக்கு அடியில காயவா?” என்றார் கஸ்பார்.

புடலை என்றால் மூன்று மாதத்தில் படர்ந்துவிடும் என்றேன்.

“தலைக்கு மேல பொடலங்கா, அதுல கட்டுன கல்லு. எனக்கு ஒரு பக்கம் விழுந்தது பத்தாதா?”

கோயம்புத்தூரிலிருந்த மகள் ஷைனி ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, பார்க்கில் இருக்கிற மாதிரி சிமெண்டுக் காளான் குடை வைக்கலாம் என்றாள். சிவப்பு பெயிண்ட், வெள்ளைப் புள்ளி. அடுத்த வீட்டு சைதூன் அதைக் கேட்டுச் சிரித்தாள். “அண்ணனுக்கு ஒரு சறுக்கு மரமும் வச்சுக் குடுத்துருங்க” என்றாள். நான் சிரிக்கவில்லை. காளானுக்கு நடுவில் ஒரே தூண். சுற்றி வட்டத் திண்டு. சாய்வு கிடையாது. இடது பக்கம் பலமில்லாதவர் அதில் உட்கார்ந்தால் இடது பக்கம் விழுவார். காளானும் தள்ளுபடி.

ஏப்ரல் முதல் வாரத்தில் சடையாண்டி என்கிற கொத்தனார், ரெட்டியார்சத்திரத்துக்காரர், ஒரு மாட்டு வண்டி கருங்கல்லோடு வந்து இறங்கினார். அப்போதுதான் அல்போன்சா ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டாவது நாளே அவர் மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார். கணவர் எழுந்து நடந்தால் தோட்டத்தில் கெபி கட்டி மாதா சுரூபம் வைப்பதாக. சுரூபம் என்றால் சிலை. கெபி என்றால் அதை வைக்கப் பாறைக் குகையைப் போலக் கல்லடுக்கிக் கட்டுகிற கூடு. கத்தோலிக்கர் ஊர்களில் கோயில் வளாகத்தில் இருக்கும். வசதிப்பட்டவர்கள் வீட்டிலும் வைத்துக்கொள்வார்கள்.

கஸ்பார் கட்டிலில் படுத்தபடியே விசாரணை நடத்தினார்.

“ஏ அல்போன்சா, நான் நடந்துட்டனா?”

“இல்ல.”

“பெறகு எதுக்கு இப்பவே கட்டுற? வண்டி போய்ச் சேந்ததுக்கு அப்பறந்தான நேர்ச்சை?”

“டிக்கெட்டு எடுத்தாத்தான வண்டி கெளம்பும்?”

“நிக்கிற வண்டிக்கு எவடி டிக்கெட்டு எடுப்பா?”

“நான் எடுப்பேன்” என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஐந்து நாள் கல் உடைக்கிற சத்தம் கேட்டது. நான் அளந்து வைத்த அதே இடத்தில்தான் கெபி எழுந்தது. எனக்கு எரிச்சல்தான். என் நோயாளிக்கான இடம் போய்விட்டது.

ஆறாவது நாள் சத்தம் நின்றது. கஸ்பார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

“பத்து மணிக்கு டீ குடிக்கப் போனான். இப்ப பத்தே முக்கால். என்னன்னு கேக்க ஆளில்லையா இந்த வீட்டுல?”

“நீங்களே கேளுங்க” என்றேன்.

“அந்தக் கம்பக் குடுங்க.”

நான் அவருடைய இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் நடந்தேன். பேச்சுக் கொடுக்கவில்லை. பேசினால் நடப்பது ஞாபகத்துக்கு வந்துவிடும். நாற்பத்திரண்டுக்கு ஐம்பத்தேழு எட்டு ஆயிற்று. சடையாண்டி கொய்யா அடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கஸ்பாருக்குத் திட்ட மூச்சில்லை. வாய் திறந்து திறந்து மூடியது.

“ஐயா, மொதல்ல உக்காருங்க. உக்காந்து செத்த நேரம் ஆசுவாசப்படுங்க. அப்பறமா வையிங்க, நான் எங்கயும் போகல” என்றார் சடையாண்டி.

உட்கார அங்கே ஒன்றுதான் இருந்தது. கெபிக்குள் சுரூபம் வைப்பதற்கான பீடம். சடையாண்டி அதன் மேல் ஒரு காலி சிமெண்டுச் சாக்கை விரித்தார். கஸ்பார் திரும்பி, நான் சொல்லிக்கொடுத்தபடி பின்னால் கை வைத்து, உட்கார்ந்தார்.

நான் சுற்றிப் பார்த்தேன். பீடம் ஒன்றரை அடி உயரம். பக்கவாதக்காரர் உட்கார்ந்து எழுவதற்கு அதைவிடச் சரியான உயரம் இல்லை. நாற்காலிகளில் பாதி இதைவிடத் தாழ்வு. இரண்டு பக்கமும் சொரசொரப்பான கல், கை வழுக்காது. பீடத்துக்கு மேல் கூடு நாலரை அடி உயரம், உட்கார்ந்தவர் தலை இடிக்காது. முன்னால் ஜனங்கள் முழங்கால் போட வேண்டும் என்பதற்காகப் படி வைக்காமல் சமமாக சிமெண்டுத் தளம். வாய் வடக்கே ரோட்டைப் பார்த்திருந்ததால் வெயில் உள்ளே வராது. இடது பக்கம் பாறை போல ஒன்றரை அடி முன்னால் நீண்டிருந்தது. வலது பக்கம் மெழுகுவர்த்தி வைக்க சடையாண்டி திறந்து விட்டிருந்தார். பலமில்லாத தோளை அந்த இடது பாறையில் சாய்த்துக்கொண்டு கஸ்பார் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் நாங்கள் தேடியது இதுதான். ஆனால் இது மாதாவுக்குக் கட்டியது.

முப்பத்தைந்து நிமிஷம் இருந்தார். சடையாண்டியைத் திட்ட மறந்துவிட்டார். ஒரு பஸ் போனபோது மட்டும் பேசினார்.

“ஒட்டன்சத்திரம் வண்டி. ஏழு நிமிஷம் லேட்டு.”

மறுநாள் காலை அவரே கம்பைக் கேட்டார்.

சுரூபம் தூத்துக்குடியில் செய்யச் சொல்லியிருந்தது. மே மாதத்தில் வரவேண்டியது, வர்ணம் காயவில்லை என்றார்கள். பிறகு வேறு ஏதோ சொன்னார்கள். அது வரும்வரை இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று அல்போன்சாவும் விட்டுவிட்டார். ஜூனில் காலையும் மாலையும் இரண்டு நடை. ஜூலையில் நான் துண்டைப் பிடிப்பதை விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் நடந்தேன். ஆகஸ்டில் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டேன். கால் எவ்வளவு வர முடியுமோ அவ்வளவும் வந்துவிட்டது.

பழனி ரோட்டில் போகிற பஸ்ஸில் கத்தோலிக்கப் பெண்கள் இருப்பார்கள். புதிதாகக் கெபி தெரிந்ததும் பழக்கத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். போட்டு முடித்த பிறகுதான் உள்ளே வெள்ளைச் சட்டையில் ஓர் ஆம்பளை உட்கார்ந்திருப்பது தெரியும். கஸ்பார் முதலில் கூசினார். பிறகு வலது கையைத் தூக்க ஆரம்பித்தார்.

“என்னங்க இது, பங்குச் சாமியார் மாதிரி ஆசீர்வாதம் குடுக்குறீங்க?” என்று அல்போன்சா சண்டைக்கு வந்தார்.

“ஆசீர்வாதமா? அவன் டயத்துக்கு வாரான். ரைட் குடுக்குறேன்.”

ஒரு நாள் ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “ஏலே, நம்ம டைம் கீப்பரு! செத்துப்போனாருன்னு சொன்னீக, இங்க சுரூபமா வச்சிருக்காகளே!” என்று கத்தினான். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கஸ்பார் அவனை, “வண்டிய எடுடா, பின்னால வேற வண்டி வருது” என்று விரட்டினார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அவர் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டதாக மறுநாள் அல்போன்சா சொன்னார். சைதூன் தினமும் முட்டை கொண்டுவந்து கொடுப்பவள், “ஏண்ணே, பொதுவா செத்ததுக்கு அப்பறந்தான வைப்பாக, உங்கள உசுரோடயே வச்சுட்டாகளே” என்பாள். யாரோ ஒரு கிழவி, அவர் இல்லாத நேரத்தில், பீடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டுப் போனாள். கஸ்பார் பழத்தைச் சாப்பிட்டார். அதற்கு அல்போன்சா இரண்டு நாள் பேசவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சுரூபம் வந்தது. மூன்றடி, வைக்கோல் சுற்றி, லாரிப் பார்சலில். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாள், அன்று மாலை ஐந்து மணிக்குப் பங்குச் சாமியார் வந்து மந்திரித்து வைப்பதாக முடிவாயிற்று. அதுவரை சுரூபத்தைத் துணி போர்த்தி அவருடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள்.

கஸ்பார் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் ரத்து என்று அறிவிப்பதைப் போலச் சொன்னார்.

“எட்டாம் தேதிக்கு மேல நான் எந்திரிக்க மாட்டேன் நர்சம்மா. அவக வெளிய போறாக. நான் உள்ள வாரேன். அம்புட்டுத்தான்.”

நேர்ச்சை நிறைவேறினால் நடை நின்றுவிடும். வந்த கால் நடக்காமல் கிடந்தால் இரண்டே மாதத்தில் திரும்பிப் போய்விடும். அதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பத்து நாள் இருந்தது. முருங்கை அடியில் கைப்பிடி வைத்த நாற்காலியைப் போட்டேன். பாதி வழி வந்து திரும்பிவிட்டார். வெள்ளோட்டுக் கல்கால் இரண்டை வரவழைத்து, கெபிக்குப் பத்தடி தள்ளிக் கொய்யா நிழலில் சடையாண்டியைக் கொண்டு கல் பெஞ்சு போடச் சொன்னேன். அதே ஒன்றரை அடி உயரம், அதே நிழல், அதே ரோடு. ஒரு தரம் உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்தது. கஸ்பார் உடனே இடது பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்பியதில் விழப்பார்த்தார். நான் பிடித்தேன்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது வரைக்கும் உயரத்தையும் நிழலையும் அளந்துகொண்டிருந்தேன். கெபிக்குள் இருக்கும்போது அவருடைய இடது பாதி பாறைக்குள் போய்விடுகிறது. இழுத்துக்கொண்ட வாய், தொங்குகிற கை, எதுவும் ரோட்டுக்குத் தெரியாது. தெரிவது இஸ்திரிச் சட்டை, சவரம் செய்த வலது கன்னம், தூக்குகிற வலது கை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டே பார்த்த ஆள். பார்க்கட்டும், பாதியை மட்டும் பார்க்கட்டும் என்று இருந்திருக்கிறார். இதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் நாற்காலி செய்து தர மாட்டார்கள்.

அடுப்படிக்குப் போய் அல்போன்சாவிடம் சொன்னேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“தெரியும். சவரம் பண்ணும்போது கண்ணாடிய வலது பக்கம் மட்டுந்தான் காட்டச் சொல்லுவாரு. இந்தப் பக்கம் நான் கையால தடவிப் பாத்துச் செஞ்சு விடுறேன்” என்றார்.

“அப்ப என்ன செய்யிறதா இருக்கீங்க?”

“நேந்தது நேந்ததுதான நர்சம்மா” என்றார். மாத்திரையைப் பற்றி என்றால் வாதாடுவேன். மாதாவுக்கும் ஒருத்திக்கும் நடுவில் பேச எனக்குப் பயிற்சி கிடையாது.

ஏழாம் தேதி காலை சடையாண்டி சுரூபத்தைப் பதிக்க சிமெண்டு கலந்துகொண்டு வந்தார். அல்போன்சா வெளியே வந்து கல் பெஞ்சைக் காட்டினார்.

“இதுல வச்சுப் பூசு.”

“பெஞ்சுலயா? அப்ப கூடு?”

“கூடு பத்தாது.”

சடையாண்டிக்கு முகம் கறுத்தது. இடுப்பிலிருந்து டேப்பை உருவினார். சுரூபத்தை அளந்தார். கெபியை அளந்தார்.

“மூணடி சுரூபம்மா! நாலரை அடி கூடு! தலைக்கு மேல ஒன்றரை அடி காத்தாடுது. பத்தாதுங்கிறீக?”

“பத்தாதுன்னா பத்தாது சடையாண்டி.”

“பதினோரு கெபி கட்டுனவன்மா நான். மாதாவுக்கு நாலரை, கருப்பருக்கு ஒம்பது, இன்னைய வரைக்கும் ஒருத்தர் அளவு தப்புன்னு சொன்னதில்ல. வெளிய தெரிஞ்சா எவன் கூப்புடுவான்?”

கெபியின் பீடத்தில் அப்போதும் அந்தச் சிமெண்டுச் சாக்கு விரித்தபடி இருந்தது. சடையாண்டி அதைப் பார்த்தார். ஜன்னலுக்குள் கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சரி. அளவு தப்புதான். வெள்ளோட்டுப் பக்கம் மட்டும் சொல்லிராதீக, அங்க எனக்கு வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் மேல் சிமெண்டைக் கொட்டினார்.

எட்டாம் தேதி மாலை அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளிலிருந்து இருபது பேர் வந்தார்கள். சைதூனும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். பங்குச் சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தவர், வெளியே பெஞ்சின் மேல் நிற்கிற சுரூபத்தையும் காலியாக இருந்த கெபியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னம்மா இது, கெபி சும்மா கெடக்குது, மாதா வெளிய நிக்கிறாங்க?”

“அளவு தப்பிப்போச்சு சாமி” என்றார் அல்போன்சா, எல்லோருக்கும் கேட்கும்படி. பின்னால் நின்ற சடையாண்டி கொய்யா மரத்தில் ஏதோ பார்க்க ஆரம்பித்தார்.

சாமியார் குனிந்து கெபிக்குள் எட்டிப் பார்த்தார். “நல்லாக் கொள்ளும் போலயேம்மா.”

அல்போன்சா பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். நான் தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொண்டு அருகில் நின்றதால் எனக்குக் கேட்டது.

“மாதாவுக்கு ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு சாமி. அவங்க வெளிய நிக்கட்டும்.”

சாமியாருக்கு உடனே விளங்கவில்லை. அதற்குள் வீட்டு வாசலில் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. சாமியார் திரும்பினார். நடுவழியில் முழு முகமும் எல்லோருக்கும் தெரிய, கஸ்பார் வந்துகொண்டிருந்தார். கூட்டம் வழிவிட்டது. சாமியார் புத்தகத்தைத் திறந்திருந்தவர், விரலை நடுவில் வைத்து மூடிக்கொண்டார். நாற்பத்திரண்டு எட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். கஸ்பார் கெபிக்குள் திரும்பி, பின்னால் கை வைத்து உட்கார்ந்து, தோளைப் பாறையில் சாய்த்துக்கொண்ட பிறகு ஜெபம் ஆரம்பமாயிற்று.

அந்த மாதக் கடைசியில் நான் நின்றுகொண்டேன். வேடசந்தூரில் இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மாவுக்கு ஆள் தேவைப்பட்டது. கஸ்பார் அதற்கப்புறம் ஏழு வருஷம் இருந்தார். அந்தப் பக்கம் போகும்போது இரண்டு தடவை அவரைப் பார்க்கப் போனேன். இரண்டு தடவையும் ஆள் வீட்டுக்குள் இல்லை. ரோட்டில் நின்றே அவரோடு பேசிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.